கல்லோடு மேலே வந்தவன்

கிழக்குச் சரிவின் வெடிப்பில் இறங்கி மண்ணுக்குள் போனவனின் உச்சந்தலை ஆறாவது கோடையில் வெளியே தெரிந்தது. முதலில் பார்த்தவை ஆடுகள்தான். மந்தை அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு முழம் இடம் விட்டு, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து மேய்ந்துகொண்டே போனது. காய்ந்த புல்லைக்கூட வேரோடு இழுத்துத் தின்கிற ஆடுகள் ஒரு கற்றையை மட்டும் விட்டுவைத்தது, ஓட்டி வந்தவளுக்கு விசித்திரமாகப் பட்டது. குனிந்து கையால் அளைந்தாள். புல் அல்ல, மயிர். மயிருக்கு அடியில் தோல் இருந்தது. தோல் சூடாக இருந்தது. வெயிலின் சூடு அல்ல, தூங்குகிற ஆளின் தலையில் இருக்கிற சூடு. அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள், மந்தையை மேல்தட்டுக்கு ஓட்டிவிட்டாள், அதன் பிறகுதான் வீட்டுக்குப் போய் மாமியாரைக் கூட்டிவந்தாள். மாமியார் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு அந்த மயிரை வகிர்ந்து பார்த்தார். உச்சியில் இரண்டு சுழி இருந்தது. "என் பிள்ளைதான்" என்றார், காணாமல் போன குடத்தை அடையாளம் காட்டுகிறவர் போல.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு காலத்தில் அங்கே நெருப்பு ஆறாக ஓடியது. ஓடி ஆறியதன் மேல் இன்னொன்று ஓடி ஆறி, அடுக்கடுக்காகக் கரும்பாறையானது. பிற்பாடு தண்ணீர் வந்து அதை நடுவே அறுத்துக்கொண்டு இறங்கியது. ஆகவே இரண்டு பக்கமும் ராட்சதன் கட்டிய படிக்கட்டு மாதிரி இருக்கும்: ஒரு செங்குத்துப் பாறை, அதன் காலடியில் ஒரு சரிவு, மறுபடி பாறை, மறுபடி சரிவு. சரிவுகளில் மண் உண்டு. ஆனால் அதை மண் என்று சொல்ல வாய் கூசும். ஒரு கை அள்ளினால் முக்கால் கை கல். மிச்சம் கறுப்புக் களி. நனைந்தால் காலிலிருந்து செருப்பைக் கழற்றிக்கொள்ளும், காய்ந்தால் கடப்பாரையை வளைக்கும். மழைக்காலத்தில் அந்தக் களி ஊதிப் பெருத்து ஒவ்வொரு கல்லையும் இறுக்கிப் பிடிக்கும். கோடையில் சுருங்கி, ஆள் இறங்குகிற அளவுக்கு வாய் பிளக்கும். பிளந்த வாயில் மேல்மண் உதிர்ந்து விழும். அடுத்த மழையில் விழுந்த மண்ணும் சேர்ந்து ஊத, இடம் போதாமல் அடியில் கிடக்கிற கல்லை மேலே தள்ளும். அதனால் அந்தச் சரிவில் கல் பொறுக்கி முடித்தோம் என்று யாரும் சொன்னதில்லை. பிணம் புதைப்பதும் இல்லை. முன்னோர் புதைத்துப் பார்த்தார்கள்; பேரப்பிள்ளைகள் காலத்தில் தாத்தாமார் முழங்கால் முதலாக எழுந்து வந்ததைக் கண்டு, இடுகாட்டை ஆற்றோர மணலுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஆடு ஓட்டி வந்தவளின் பெயரை யாரும் சொல்வதில்லை. கிடை அவளுடையது, அப்பா வழியில் வந்த ஆடுகள், ஆகவே கிடைக்காரி. அவள் புருஷனுக்கு இரட்டைச்சுழி என்று பெயர். நீண்ட வறட்சி ஒன்றின் கடைசி மத்தியானத்தில், வெடிப்புக்குள் விழுந்த குட்டி ஒன்றை எடுக்க அவன் இறங்கினான். குட்டியைத் தலைக்கு மேலே தூக்கி வெளியே எறிந்தான். அந்த நேரத்தில்தான் மழை வந்தது. மாதக்கணக்கில் தாகமாக இருந்த களி அவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்று யார் கண்டது? எதிர்ச் சரிவிலிருந்து ஓடிவந்த கிடைக்காரி, உதடு மூடினாற்போல மூடிக்கிடந்த தரையையும், அதன் மேல் நின்று கத்திக்கொண்டிருந்த குட்டியையும்தான் பார்த்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. அவனுக்கு இருபத்தெட்டு வயது. அவள் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தாள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அதே மாதிரி நூறு கல் கிடந்தது.

உச்சந்தலை தெரிந்த செய்தி பரவியதும் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். காலையிலிருந்து தோண்டினார்கள். ஒரு கல்லை நெம்பினால் இன்னொரு கல் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நெற்றி தெரிகிற மட்டும் தோண்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினார்கள். திரும்பி வந்தபோது தலை ஒரு விரல் அளவு உள்ளே போயிருந்தது. மறுபடி தோண்டினார்கள், மறுபடி இறங்கியது. மாமியார் கடப்பாரை மேல் காலை வைத்து நின்றார். "அதுவா தந்தா வாங்கிக்கலாம். பிடுங்கப் போனா கொடுக்காது" என்றார். ஆட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போகிற வழியில் மழை வருமா என்று பேசிக்கொண்டு போனார்கள்.

மறு வருடம், மேய்ச்சல் நிலங்களை அளந்து எழுத, அரசாங்க ஜீப்பில் ஓர் அம்மாள் வந்தார். மண் ஆய்வாளர். திருகி இறக்குகிற இரும்புத் துரப்பணம் மூன்று வைத்திருந்தார். அந்தச் சரிவில் இரண்டை வளைத்துக்கொண்டு மூன்றாவதை ஜீப்பிலேயே விட்டுவிட்டார். கற்களைப் புரட்டி, ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். கிடைக்காரி அவரைத் தலையிடம் கூட்டிப்போனாள். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து, முகர்ந்து பார்த்து, சுற்றியிருந்த மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து எச்சில் விட்டு உருட்டிப் பார்த்தார்.

"கல்லு மேல வர்றது இங்க வழக்கம்தாம்மா. ஆள் வந்து நான் பார்த்ததில்ல. ஆனா இது கல்லா ஆளான்னு மண்ணுக்கு என்ன தெரியும்?"

"எப்ப முழுசா வருவாருங்க?"

"மழையும் வெயிலும் மாறி மாறி நல்லா அடிச்சா சீக்கிரம். நிதானமா அடிச்சா லேட்டு." ஆய்வாளர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்கு இப்ப என்ன வயசு?"

கிடைக்காரி சொன்னாள். ஆய்வாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு வேலி போட்டுவை. ஆடு மிதிக்கும், நாய் நக்கும்" என்றார். தன் தொப்பியைக் கழற்றி அந்தத் தலையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

வேலி போட வந்தவர் ஊருக்குப் புதிது. முப்பதைத் தாண்டிய ஆள், அதிகம் பேசமாட்டார். அந்தச் சரிவில் கம்பம் நட முடியாது; ஒரு சாண் இறங்கினால் கல். ஆகவே வேலிக்காரர்கள் தடித்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பெட்டி கட்டி, அதற்குள் கல்லை நிரப்பி, அந்தக் கனத்தில் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். இவர் தலையைச் சுற்றி நான்கு பெட்டி கட்டினார். இரண்டு நாளில் முடிகிற வேலை. ஆனால் கல்லைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார், இடுக்கில் சின்னக் கல்லைச் செருகினார், இழுத்த கம்பியை அவிழ்த்து மறுபடி இழுத்தார். கிடைக்காரி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். தலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் "வழி விடுங்க அண்ணே" என்று சொல்லிக்கொண்டு போவதை அவள் கவனித்தாள். வேலி முடிந்த பிறகு ஆட்டுக் கிடைக்கும் ஒரு வேலி தேவைப்பட்டது. அதன் பிறகு கூரை ஒழுகியது.

இதை முதலில் பேச்சாக எடுத்தவர் மாமியார்தான். ஆட்டுக்குப் புண் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆட்டின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் முழுசா வெளிய வர்றப்போ நீ என்னை மாதிரி ஆயிருப்ப. அந்த ஆளு நல்ல ஆளாத்தான் தெரியறாரு. செய்யறதை அவன் காது வெளிய வர்றதுக்குள்ள செஞ்சிரு."

"நீங்க எங்க இருப்பீங்க அத்தை?"

"எங்க இருப்பேன்? இங்கதான். என் பிள்ளை வீடு இது."

இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று ஒரு பேச்சு உண்டு. சுழி அவன் தலையில் இருந்தது, கல்யாணம் அவள் தலையில் எழுதியிருந்தது என்று ஊரில் சிரித்துக்கொண்டார்கள். மழை முடிந்த வாரத்தில், காது மடலின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்த நிலையில், கல்யாணம் நடந்தது. சத்தம் போடாமல் நடந்தது. மாமியார் எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். ஆனால் மறுநாளிலிருந்து வேலிக்காரரிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் நாயைப் பார்த்துச் சொல்வார். "சோறு ஆறுது, வந்து சாப்பிடச் சொல்லு" என்பார். நாய் வாலை ஆட்டும், வேலிக்காரர் எழுந்து வருவார். ஆறேழு வருடம் இப்படித்தான் குடும்பம் நடந்தது, ஒரு மகளும் பிறந்தாள், குறை ஒன்றும் இல்லை.

கண் வெளியே வந்த வருடம், கோடை உச்சத்தில், வெடிப்பு மிகப் பெரிதாகப் பிளந்த நாளில், அது திறந்தது. மாமியார் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம் திறந்திருந்து மூடிக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அந்த ஒரு நாள், அந்தப் பால் பொங்குகிற நேரம். மற்ற நாளெல்லாம் தூக்கம். மழையில் களி ஊதி அவன் கழுத்தைச் சுற்றி இறுகும்போது முகம் கல்லின் நிறத்துக்குப் போகும். அடுத்த கோடையில் வெடிப்பு வழியாகக் காற்று அடியில் இறங்கியதும் நிறம் திரும்பும். இதில் யாரும் எதிர்பாராத விஷயம் என்னவென்றால், அவனுக்கு இது எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வருடம் போயிருக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அது இன்னும் அதே மத்தியானம்.

வாய் வெளிவந்த கோடையில்தான் இது புரிந்தது. கண் திறந்தான், உதட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பினான், கிடைக்காரியைப் பார்த்துக் கேட்டான்: "குட்டி ஏறிடுச்சா?"

அந்தக் குட்டி வளர்ந்து, ஈன்று, கிழடாகிச் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. "ஏறிடுச்சுங்க" என்றாள் அவள். அவன் கண் மூடிக்கொண்டது.

அடுத்த கோடையில் தாயைப் பார்த்து, "ஏம்மா வெயில்ல உக்காந்திருக்க, வீட்டுக்குப் போ, நான் வந்துர்றேன்" என்றான். மாமியார் ஒரு வருடம் முழுக்க அவனிடம் சொல்வதற்குச் சேர்த்துவைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கி, அழுது, பாதியில் நிற்க, நேரம் முடிந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் அவர் போய்ச்சேர்ந்தார். போவதற்கு முந்தின நாள் வேலிக்காரரை நேராகப் பார்த்து, "அவனுக்குக் குடை பிடிக்க மறந்துராதீங்க" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் நாய் இல்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

வந்த கோடையில் அவன் கேட்டான்: "அம்மா எங்க? இப்பதானே இங்க இருந்தாங்க."

கிடைக்காரி ஆற்றின் பக்கம் பார்த்தாள். "ஆத்தங்கரைக்குப் போயிருக்காங்க" என்றாள். அது பொய்யில்லை. இடுகாடு அங்கேதான் இருந்தது.

"நல்லது. இங்க வெயில் தாங்காது" என்று சொல்லிக் கண்ணை மூடினான்.

அடுத்த வருடம் அவன் பார்வை குடை பிடித்திருந்தவர் மேல் போனது. "இவரு யாரு?" என்றான். "வேலி போட வந்தவர்" என்றாள். அதுவும் பொய்யில்லை. வேலிக்காரர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை, பசியில்லை என்றார். இப்படி மெய்யாகவும் இருந்து பொய்யாகவும் இருக்கிற பதில்களைச் சொல்லிச் சொல்லி, கிடைக்காரிக்கு உடம்பில் ஏதோ வேலை செய்யத் தொடங்கியது. ஆடு எண்ணும்போது மறந்தாள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திடுக்கிட்டாள். ஊரில் எத்தனையோ பெண்களுக்குச் செத்துப்போன புருஷன் இருந்தான், ஓடிப்போன புருஷன் இருந்தான். அவர்கள் யாரும் வருடத்துக்கு ஒருமுறை அவன் கண்ணைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

தோள் வெளியே வருவதுதான் பெரிய பாடாக இருந்தது. பக்கத்துக்கு ஒரு பெரிய கல், நடுவில் அவன், மூன்றும் ஒன்றையொன்று விடாமல் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன. அந்த வருடங்களில் ஒன்றில் அவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, லேசாகச் சிரித்துக் கேட்டான்: "தலையில என்ன அது, சுண்ணாம்பா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கண் மூடிவிட்டது.

அந்தக் கேள்வியோடு அவள் ஒரு வருடம் வாழ்ந்தாள். சுண்ணாம்பு என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவன் தாடைக்கு அடியிலேயே, கற்களின் அடிவயிற்றில் இருப்பது போல, வெள்ளையாகப் படிந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த கோடைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள். பால் பொங்குகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஆட்டில் பால் கறக்கும்போது சொல்லிப் பார்த்தாள், கம்பளி கழுவும்போது சொல்லிப் பார்த்தாள். நீளமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பகுதியை எடுத்தாள். ஏன் என்று விளக்குகிற பகுதியை எடுத்தாள். அடுப்பில் உண்மையிலேயே பாலை வைத்துவிட்டு மகளை நிறுத்தி அவளிடம் சொல்லிப் பார்த்தாள். பத்து வயது மகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "பொங்கிடுச்சும்மா, இன்னும் குறைச்சுக்க" என்றாள். கடைசியில் ஒரு வீட்டுச் சுவரில் எழுதிவைக்கலாம் போலச் சுருங்கிவிட்டது.

அந்த நாள் வந்தது. கண் திறந்தது. கிடைக்காரி அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள், பின்னால் குடையோடு வேலிக்காரர்.

"இது அதே மத்தியானம் இல்லீங்க. நீங்க இறங்கி இருபது வருஷம் ஆகப்போகுது. இது சுண்ணாம்பு இல்ல, நரை. அத்தை இறந்துட்டாங்க. ஆத்தங்கரையில கிடக்கறாங்க. இவரு என் வீட்டுக்காரர். இது எங்க பொண்ணு. நான் காத்திருக்கலை."

சொல்லி முடித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். குடையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கண் மூடிக்கொண்டது.

அடுத்த கோடையிலும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அது ஒரு விநாடி மௌனம். மூச்சை இழுத்துவிடுகிற நேரம். கீழே வீட்டில் அது மழை, குளிர், ஈற்று, கம்பளி வெட்டு எல்லாம் உள்ளடங்கிய ஒரு வருடம். அதற்கடுத்த கோடையிலும் அவன் கண் திறந்து, அவள் தோளுக்கு மேலாக எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிக்கொண்டான். கிடைக்காரி இளைத்துப்போனாள். வேலிக்காரர், அவன் தூங்குகிற மாதங்களில், யாரும் பார்க்காதபோது வேலிக்குள் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். "ஏதாவது சொல்லுங்க அண்ணே. திட்டணும்னாலும் திட்டுங்க. போன்னு சொன்னா போயிர்றேன்" என்பார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, "போகமாட்டேன், சும்மா சொல்றேன்" என்பார். அந்தக் காலத்தில் அவர் வேலியை மூன்று தடவை பிரித்துக் கட்டினார். எந்தப் பக்கத்திலும் பழுது இல்லை.

மூன்றாவது கோடையில் மண் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தது. இடது தோள் வெளியே இருந்தது. அவன் கண் திறந்ததும் நேராகக் கம்பியைப் பார்த்தான். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த கல்லைப் பார்த்தான், இடுக்கில் செருகியிருந்த சின்னக் கல்லைப் பார்த்தான்.

"வேலி நல்லாப் போட்டிருக்காரு" என்றான்.

வேலிக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டு எங்கோ நடந்து போனார். அவர் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கிடைக்காரி அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஆடுகள் தாமாகவே கிடைக்குப் போய்விட்டிருந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. தோள் இரண்டும் வந்ததும் அவன் கை வந்தது, நெஞ்சு வந்தது. நெஞ்சு வந்த கோடையில் அவன் முழுப் பகல் விழித்திருந்தான், அடுத்த வருடம் ஒரு மாதம், அதற்கடுத்த வருடம் கோடை முழுக்க. அவனுடைய மத்தியானமும் மற்றவர்களுடைய வருடமும் மெல்ல ஒரே நடைக்கு வந்தன. தாய்க்கு அழ வேண்டியதை அவன் அப்போதுதான் அழுதான். இடுப்பு வரை மண்ணில் நின்றுகொண்டு, வேலியின் கம்பியைப் பிடித்தபடி, பல நாள். சும்மா நிற்கிற ஆளுக்கு வேலை வேண்டும் என்று, கம்பளி வெட்டும்போது ஆடுகளை அவனிடமே கொண்டுபோனார்கள். மகள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தள்ள, அவன் நட்டுவைத்த கம்பம் போல நின்றபடி வெட்டிக் கொடுத்தான். ஆடு திமிறினாலும் அவன் அசையமாட்டான் என்பதால் வெட்டு சுத்தமாக விழுந்தது. அந்த வருடம் கம்பளி வியாபாரி தரம் கூடியிருக்கிறது என்று சொல்லி, காரணம் கேட்டுக்கொள்ளாமல் வாங்கிப் போனார்.

மகள் அவனைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அம்மாவின் மூத்த புருஷன், வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் பெரியப்பாவுக்கு இருபத்தெட்டு வயது, மகளுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேலிக்காரர் முடி முழுக்க வெளுத்த பிறகும் அவனை அண்ணே என்றே அழைத்தார். அவன் வேலிக்காரரைத் தம்பி என்று அழைத்தான். கிடைக்காரி மட்டும் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தக் காலத்தில் "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மண் ஆய்வாளர் ஓய்வு பெறுவதற்கு முன் ஒருமுறை வந்தார். அவன் தொடையளவு மண்ணில் நின்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். அவர் குடித்துவிட்டு, "நல்ல மண்ணு. ஆழம் கம்மி, அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனார்.

கணுக்கால் மட்டும் மிச்சமிருந்த கோடையில், ஒரு காலை நேரம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவன் காலைத் தூக்கினான். வந்துவிட்டது. அடுத்த காலையும் தூக்கினான். உள்ளங்கால் இரண்டும் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தன. பிறந்த கன்று மாதிரி நான்கு எட்டு தடுமாறி, வேலியைத் தாண்ட முடியாமல், கம்பிக்கு அடியில் படுத்து நகர்ந்து வெளியே வந்து, சரிவில் இறங்கி வீட்டு வாசலில் நின்றான். கிடைக்காரி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. வலது முழங்கால் மடங்காது. நிமிர்ந்து பார்த்தாள்.

"பசிக்குது" என்றான்.

"கால் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அவன் எங்கே படுப்பது என்று யாரும் பேசவில்லை. கம்பளி மூட்டைகள் இருக்கிற அறையில் அவனாகவே போய் இடம் பிடித்துக்கொண்டான். முதல் சில நாள் நின்றபடிதான் தூங்கினான். பிறகு சுவரில் சாய்ந்து, பிறகு படுத்து. காலையில் மந்தையை ஓட்டிப் போனான், மாலையில் திரும்பி வந்தான். ஊரில் இரண்டு பெண் வீட்டார் விசாரித்து ஆள் அனுப்பினார்கள். அவன் வந்தவர்களை உட்காரவைத்து, "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவைத்தான். கேட்டுக்கொண்டிருந்த கிடைக்காரி உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். புதிதாக வந்த ஒரு வியாபாரி அவனைக் காட்டி, "உங்க பையனாம்மா?" என்று அவளிடம் கேட்டார். "இல்ல, வீட்டுக்காரர்" என்றாள். "அப்ப இவரு?" என்று வேலிக்காரரைக் காட்டினார். "இவரும்தான்" என்றாள். வியாபாரி தராசை எடுத்துவைத்தார்.

முதல் மழை வந்தபோது அவனுக்கு உடம்பு இறுகியது. மூட்டுகள் மடங்கவில்லை, விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டின. தரையில் குப்புறப் படுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து முதுகில், தோலுக்கு அடியில், சின்னச் சின்னப் புடைப்புகள் எழும்பின. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கறுப்புக் கற்கள், பயறு அளவில் சில, புளியங்கொட்டை அளவில் சில, எல்லாவற்றின் அடியிலும் ஒரு பொட்டு வெள்ளை. ரத்தம் இல்லை, வலி இல்லை. கல் வெளிவந்த இடம் ஒரு நிமிடம் குழியாக இருந்து மூடிக்கொண்டது. வேலிக்காரர் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். கிடைக்காரி பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, எண்ணெய் தடவி, நகத்தால் நெம்பி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். உச்சந்தலையைப் புல் என்று அளைந்த அந்த ஒரு நாளை விட்டால், முப்பது வருடத்துக்குப் பிறகு அவனை அவள் தொட்டது அப்போதுதான். கல் கிண்ணத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மழை விட்டதும் அவன் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான். முதல் வருடங்களில் ஒரு படி அளவு வந்தது, இப்போது ஒரு கை அளவு. கோடையில் அவன் குதிகாலும் உள்ளங்கையும் கட்டம் கட்டமாக வெடிக்கும். அதற்கு ஆட்டுக் கொழுப்பு தடவுகிறார்கள். மற்றபடி ஆரோக்கியமான ஆள். மகளைக் கட்டிக்கொடுத்தபோது பெரியப்பா என்கிற முறையில் முன்னால் நின்று எல்லாம் செய்தான். அவனுக்கும் இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கியிருக்கிறது. வேலிக்காரருக்குக் கண் மங்கிவிட்டதால் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வதோடு சரி. கல் விழும்போது சத்தத்தை வைத்து, "இது பெரிசு" என்றோ "இது தூசி" என்றோ சொல்கிறார்.

இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. முட்டை அளவு இருக்கும், ஆழத்தில் இருக்கிறது. மருத்துவர் கீறி எடுத்துவிடலாம் என்றார். அவன் வேண்டாம் என்றான். "வர்றப்ப வரட்டும்" என்றான். மழை தொடங்கி அவன் குப்புறப் படுத்ததும், கிடைக்காரி மற்றக் கற்களை எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திப் பார்க்கிறாள். போன வருடத்தை விடக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. "வலிக்குதா?" என்று கேட்கிறாள். "இல்ல" என்கிறான். அவள் அவன் சட்டையை இழுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மழை விட்டுவிட்டது, ஆடுகளைத் திறந்துவிடலாம் என்கிறாள்.